நான் ஆண் என்று எழுதிய எலி

ஆண் சுண்டெலிகளின் கூண்டில் காலையில் ஒன்பது குட்டி கிடந்தது. எலியை ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரிப்பதுதான் என் வேலை. இப்படி வேலையில் மாட்டியவர்களுக்கு என் நிலை புரியும்.

நல்ல குடும்பம்

எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடிந்ததும் படிப்பு போதும் என்று மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்து எலி அறையில் சேர்ந்தேன். மூன்று வாரக் குட்டியின் வாலைத் தூக்கி, ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து எழுத வேண்டும். அதிகமென்றால் ஆண். நாற்பது குட்டியை யார் அளப்பது? கண்ணாலேயே பார்த்து எழுதிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, ஒன்பது குட்டி கிடந்த அந்தக் காலையில், எனக்கு மேலே இருக்கும் சேகர் அண்ணன் கூண்டை எட்டிப் பார்த்தார்.

"உன் ஆம்பளைங்க நல்லா குடும்பம் நடத்துறானுங்க லா."

எள்ளு

அதே நாற்பதில் சில குட்டிகளின் மூளை முன்பே மாலதி அக்காவிடம் போயிருந்தது. பிஎச்டி பண்ணுகிறவர். ஹார்மோன் சுரக்கும் ஒரு நரம்புக் கூட்டத்தை எண்ணுவது அவர் ஆராய்ச்சி. பெண் எலிக்கு நிறைய, ஆணுக்குக் கொஞ்சம்தானாம். அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில், கண்ணாடித் துண்டில் ஒட்டிய ஒரு மூளைச் சீவலைக் காட்டினார். பன்னில் எள் தூவியதுபோலப் புள்ளிகள். அதன் சீட்டில் என் கையெழுத்தில் 'ஆண்'.

"ஆணுக்கு இவ்வளவு நான் பார்த்ததே இல்ல தம்பி. மூணு வருஷத்துல இப்பதான் ஒரு நல்லது நடந்திருக்கு. வெள்ளிக்கிழமை புரொபசர்கிட்ட காட்டப் போறேன்."

காலிக் கட்டம்

சேகர் அண்ணனிடம் ஓடினேன். அவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். அளவு எழுதும் கட்டம் நாற்பதும் காலி. கீழே அவர் கையெழுத்து, பார்க்காமல் போட்டது. பேனாவை நீட்டினார்.

"ஆணுக்கு ஆண் நம்பர், பொண்ணுக்கு பொண்ணு நம்பர் போட்டுடு. அக்காவுக்கும் சந்தோஷம், உனக்கும் வேலை இருக்கும்."

எதைத்தான் செய்வ

புத்தகத்தை அப்படியே அக்காவின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"அளக்கச் சொன்னா அளக்கல. பொய் எழுதச் சொன்னா எழுதல. சொன்னதுல நீ எதைத்தான் செய்வ?"

அந்த நாற்பது கட்டமும் இன்னும் காலிதான். இந்த வேலையில் நான் ஒழுங்காகப் போட்ட பதிவு அது ஒன்றுதான்.