சிவப்பு வட்டமிட்ட அறிவித்தல்

நாலைந்து வருடங்களுக்கு முன், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நான் இருக்கும் தொடர்மாடியில் நடந்தது இது. அந்த வீடு என்னுடையது அல்ல, கனடாவில் இருக்கும் தம்பி வாங்கியது. பூட்டிக் கிடந்தால் உப்புக்காற்றில் எல்லாம் பழுதாகிவிடும், நீங்கள் போய் இருங்கள் என்று அவன் கேட்டுக்கொண்டான். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் தையல் மெஷினோடு இருந்த நான் அப்படித்தான் அந்தப் பளபளப்பான தரைக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானோர் டாக்டர்மாரும் வங்கி மனேஜர்மாரும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று கலந்திருந்ததால் பொதுவில் ஆங்கிலம்தான் கதைப்பார்கள். நான் தமிழில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். லிஃப்டில் யாராவது ஆங்கிலத்தில் சுகம் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் லிஃப்டை விட்டுவிட்டுப் பின்பக்கப் படிகளில் ஏறி இறங்கப் பழகிக்கொண்டேன். நாலாம் மாடி, முழங்கால் வலிக்கும். ஆனால் அங்கே என்னிடம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அந்தப் படிகளில் நான் தினமும் சந்தித்த ஒரே ஆள், ஐந்தாம் மாடி வீட்டில் தங்கி வேலை செய்த பெண். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள் அவள் உழைப்பில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரர் லிஃப்டில் ஏறக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் யாரும் ஏறியதில்லை. உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கும் வீட்டுக்கும் நடப்பாள்.

"நம்மளதான் லிஃப்டுல ஏத்த மாட்டாங்க. உங்களையுமாக்கா?" என்று என்னைக் கண்டால் கேட்டுச் சிரிப்பாள். அந்தக் கட்டடத்தில் நான் சிரித்துக் கதைத்தது அவளோடு மட்டும்தான்.

தொடர்மாடிக் கமிட்டியின் செயலாளர் கிட்டத்தட்ட என் வயதுப் பெண். இன்டர்நேஷனல் ஸ்கூல் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்ததால் எல்லோருக்கும் அவர் மிஸ். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது பிழையாக எழுதினால், அந்த வசனத்தைத் திருத்தி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுத் திரும்பப் போடுவார். தண்ணீர் வரவில்லை என்று யாரோ அவசரமாக எழுதினாலும் முதலில் நட்சத்திரம்தான் வரும், தண்ணீர் பிறகு. யாரும் கோபிக்கவில்லை. காசில்லாத டியூஷன் என்று பகிடி சொல்வார்கள்.

உண்மையாகவே எனக்கு அது டியூஷன்தான். தைத்துக்கொண்டே அந்த நட்சத்திரங்களை வாசிப்பேன். வசனம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், கமாவுக்குப் பிறகு ஓர் இடைவெளி வேண்டும், கேள்விக்குறி ஒன்று போதும் என்றெல்லாம் அப்படித்தான் படித்தேன். ஆங்கிலத்தில் 'நான்' என்ற சொல் வசனத்தின் எந்த மூலையில் வந்தாலும் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டுமாம். என்னைப் போன்ற ஆளுக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஒருநாள் துணிந்து மிஸ்ஸிடமே சந்தேகம் கேட்டேன். அன்பாகத்தான் சொல்லித் தந்தார். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "உங்கட வசனத்தில வினைச்சொல்லைக் காணேல்லை அக்கா, லீவில போட்டுதோ?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் மேல் எனக்கு அப்போது பெரிய மரியாதை.

ஐந்தாம் மாடிப் பெண் மூத்த மகளின் சடங்குக்காக ஊருக்குப் போயிருந்த நாட்களில்தான் அந்தக் கைப்பிடிக் கம்பி கழன்றது. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் படிகளின் ஓரத்தில், கடல் காற்றில் துருப்பிடித்து, அடிப்பக்கம் இற்றுப்போயிருந்தது. பார்த்தால் தெரியாது. கை வைத்தபோது வெளிப்பக்கமாக ஆடியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

வாசலில் காவல் இருக்கும் வொச்சரிடம் சொன்னேன். அவர் கமிட்டிக்குச் சொல்லச் சொன்னார். மிஸ்ஸுக்குத் தட்டுத்தடுமாறி ஒரு செய்தி அனுப்பினேன். கம்பி ஒட்டுகிற வெல்டிங் பாஸ் திங்கட்கிழமைதான் வருவார், அதுவரை ஓர் அறிவித்தல் எழுதி ஒட்டிவிடுங்கள் என்று பதில் வந்தது. பௌர்ணமிக்கு விடும் போயா லீவும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்த வாரம் அது.

நான் ஆங்கிலத்தில் எழுதப்போகும் முதல் அறிவித்தல். கம்பி கழன்றிருக்கிறது, தயவுசெய்து பிடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கு எத்தனை தாள் கிழித்தேன் என்று தெரியாது. பெரிய எழுத்தில் தொடங்கி, இடைவெளி விட்டு, முற்றுப்புள்ளி வைத்தேன். படிகளில் போய் வருகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியுமல்லவா? அதனால் அடியில் தமிழிலும் ஒரு வரி எழுதினேன். போயா அன்று காலையில் கம்பிக்கு நேரே சுவரில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெருமையாக இருந்தது. அப்படியே கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டேன்.

பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போது போன் சத்தம் போடத் தொடங்கியது. எங்கள் குழுதான். என் அறிவித்தலை மிஸ் கழற்றி, மேசையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பிழைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள். அடியில் இருந்த தமிழ் வரியின் மேல் ஒரு நேர்கோடு. எங்கள் அறிவித்தல்கள் சரியான ஆங்கிலத்தில், டைப் செய்து, லேமினேட் பண்ணி இருக்க வேண்டும், விருந்தாளிகள் வந்து போகிற இடம், திருத்தித் தானே ஒட்டுவதாக எழுதியிருந்தார்.

கீழே மற்றவர்கள். ஒருவர் கை தட்டியிருந்தார். இன்னொருவர், கம்பியை விட இங்கிலீஷ்தான் கூட ஆடுகிறது என்று எழுதியிருந்தார். அதற்குச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

காது இரண்டும் சுட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டதுபோல், போனைப் பையின் அடியில் திணித்தேன். எங்கே பிழைவிட்டேன் என்றே யோசித்துக்கொண்டு போனேன். அந்தத் தாள் இப்போது சுவரில் இல்லை என்பது எனக்கே உறைக்கவில்லை. அத்தனை பேர் பார்த்தார்களே, அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பின்னேரம் நான் திரும்பி வந்தபோது வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. வொச்சரும் இன்னொருவரும் ஐந்தாம் மாடிப் பெண்ணைப் பெட்ஷீட்டில் தூக்கிக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளியே வந்தார்கள். அந்த லிஃப்டில் அவள் அன்றுதான் முதன்முதலாக ஏறியிருப்பாள். மத்தியானம்தான் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். வந்த கையோடு இரண்டு வாரமாகச் சேர்ந்த குப்பையைக் கீழே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கையில் பையோடு, மற்றக் கையால் கம்பியைப் பிடித்திருக்கிறாள். கம்பியோடு சேர்ந்து அடுத்த தளத்துக்கு விழுந்துவிட்டாள்.

நான் மேலே ஓடிப் போய்ப் பார்த்தேன். சுவரில் நான் ஒட்டிய டேப்பின் நாலு துண்டுகள் மட்டும் இருந்தன.

பெரியாஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போனேன். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, வொச்சர் சொல்லித்தான் தெரியும் என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"நீங்க பேப்பர் ஒட்டியிருந்தீங்களாமேக்கா. தமிழுலயும் எழுதியிருந்தீங்களாம்."

ஓம் என்று தலையாட்டினேன்.

"நான் படிப்பேன்கா. எட்டு வரைக்கும் போயிருக்கேன்."

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. நான் கொண்டுபோன தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் குழுவில் மிஸ்ஸின் செய்தி வந்தது. நடந்தது துரதிர்ஷ்டமான விபத்து என்று அழகாக எழுதியிருந்தார். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தாளைக் கழற்றியது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எவ்வளவு பண்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று கைகூப்பினார்கள். அன்றைக்கே திருத்திய அறிவித்தலும் சுவருக்கு வந்துவிட்டது. டைப் செய்து, லேமினேட் பண்ணி, ஆங்கிலத்தில் மட்டும்.

மிஸ் என் கதவைத் தட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது. லேமினேட் பண்ணக் கொண்டுபோனாராம். போயா என்பதால் கடை பூட்டாம்.

"உங்கட பிழையளை நாலு பேர் பார்த்துச் சிரிக்கக் கூடாதெண்டுதான் அக்கா நான் கழட்டினனான்" என்றார்.

அந்த நாலு பேருக்கும் படம் எடுத்து அனுப்பியது யார் என்று கேட்டிருக்கலாம். தமிழ் வரியில் என்ன பிழை இருந்தது என்றாவது கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால், அவர் திருத்தித் தரும்போதெல்லாம் சொல்லிப் பழகிய சொல்தான் வெளியே வந்தது.

"தாங்க்ஸ், மிஸ்."

அவர் முகம் தெளிந்தது, திரும்பிப் போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு, அந்தச் சொல்லைத் துப்ப முடியாமல் நின்றேன்.

ஐந்தாம் மாடி வீட்டுக்கு வேறு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். விழுந்தவள் தோட்டத்துக்கே திரும்பிவிட்டாள். தடி ஊன்றித்தான் நடக்கிறாளாம். மூத்தவள் படிப்பை விட்டுவிட்டு உடுப்புத் தைக்கும் ஃபெக்டரிக்குப் போகிறாளாம்.

கம்பியைத் திங்கட்கிழமையே ஒட்டிவிட்டார்கள். ஆனால் கம்பி கழன்றிருக்கிறது என்ற அறிவித்தலை இன்னும் யாரும் எடுக்கவில்லை. பார்வைக்கு நன்றாக இருப்பதால் விட்டிருக்கிறார்கள் போலும். போகும்போதும் வரும்போதும் அதை வாசிக்கிறேன். ஒரு பிழையாவது அகப்படாதா என்று தேடுகிறேன். இல்லை.

இப்போது எதுவானாலும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுகிறேன். சிலதைக் கழற்றிவிடுகிறார்கள், திரும்ப ஒட்டுகிறேன். லிஃப்டில் இன்றுவரை ஏறுவதில்லை. படிகளில் இறங்கும்போது சுவர்ப்பக்கமாகவே நடக்கிறேன். கம்பி இப்போது உறுதியாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் அதில் கை வைக்க மனம் வருவதில்லை.