துளசி மாலைக்குப் போன கை

ஆட்டோ மந்தைவெளி சிக்னலில் நின்றபோது தர்ஷினி என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். என் மகள், மூன்று வயதுக் குழந்தை. முந்தின நாளிலிருந்தே வயிற்றுப்போக்கு, மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை. அவள் குமட்டிய அந்தக் கணத்தில் என் கை அவள் நெற்றியைத் தாங்கப் போகவில்லை. மாலையைத் தூக்கி முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டது.

பக்கத்தில் இருந்த என் மனைவி செல்வி அதைப் பார்த்தாள். ஆட்டோக்காரர்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, புள்ள தலையப் புடி சாமி" என்றார்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் பத்தாவது வரை படித்தவன். தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை. இருந்தாலும், குழந்தைக்கு வயிறு கெட்டு ஏதோ ஒரு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் யாராவது இதைப் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முந்தின நாள் முழுக்க அவளைக் கழுவியது, துணி மாற்றியது எல்லாம் செல்விதான். நான் அறை வாசலில் நின்று சரணம் சொன்னேன். விபூதி பூசிவிட்டேன். விரத உடம்பு, அசுத்தம் படக்கூடாது என்று நானே வைத்துக்கொண்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா தர்ஷினியின் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டார். அது உடனே பழையபடி படியவில்லை.

"அழறா, கண்ணுல தண்ணி வரல பாருங்க. கடைசியா எப்ப யூரின் போனா?"

எனக்குத் தெரியவில்லை. செல்விதான், "காலைல எழுந்ததும் சொட்டுச் சொட்டா போனா டாக்டர். அப்புறம் இல்ல" என்றாள்.

டீஹைட்ரேஷன் (உடம்பில் நீர் வற்றிப்போவது) என்றார். கையில் கேனுலா (நரம்பில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். "யூரின் வரணும். அதுக்காகத்தான் காத்திருக்கோம். சாயந்தரம் வரைக்கும் வரலைன்னா ஐ.சி.யூ.வுக்கு மாத்திடுவேன்" என்றார்.

பிறகு கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது வயிறு சரியில்லையா?"

எனக்கு இருந்தது. சில நாள் முன்னால். சூடு என்று நினைத்து வெளியே சொல்லவில்லை. விரதச் சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கு வயிறு கெடுமா என்ற நினைப்பு. அந்த நாட்களிலும் காலை பூஜைக்கு வாழைப்பழமும் வெல்லமும் என் கையாலேயே பிசைந்து படைத்தேன். முதல் வாய் எப்போதும் தர்ஷினிக்கு. என் விரலிலிருந்தே வாங்கிக்கொள்வாள்.

தலை குனிந்துகொண்டே சொன்னேன்.

"பாத்ரூம் போயிட்டு வந்து சோப்பு போடுவீங்களா?"

"விரதத்துல சோப்பு தொடறதில்ல டாக்டர். எங்க குழுவுல அப்படி ஒரு வழக்கம். ஆனா ரெண்டு வேளையும் தலைக்குக் குளிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "உங்ககிட்டேர்ந்துதான் வந்ததுன்னு என்னால சொல்ல முடியாது. இருக்கலாம். இன்னிலேர்ந்து சோப்பு போடுங்க" என்று எழுந்து போனார்.

செல்வி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "ரெண்டு வேளை குளிச்சீங்க சாமி. ஒரு வேளகூடக் கை கழுவலையே."

மாலை போட்டதிலிருந்து அவள் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறாள். அன்றைக்கு அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் செல்விக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை ஓடினாள். நர்ஸம்மா அவளைக் கீழே அனுப்பிப் படுக்க வைத்துவிட்டார். தர்ஷினியிடம் நான் மட்டும். அப்போது பார்த்து மறுபடியும் வயிற்றால் போனாள்.

"இன்னா சாமி, பாத்துக்கினு நிக்கறீங்க? டயபர் மாத்துங்க" என்றார் நர்ஸம்மா.

"எனக்குத் தெரியாதும்மா."

"சரணம் சொல்லத் தெரியுதில்ல? இதையும் கத்துக்கலாம், வாங்க."

பக்கத்துக் கட்டில் அம்மாக்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மூன்று வருடத்தில் நான் அவளைக் கழுவியதே இல்லை. அடிப்பக்கம் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. என் கை பட்டதும் துடித்தாள். "அம்மா கழுவட்டும்" என்று அழுதாள். தேய்க்கக்கூடாது, தண்ணீர் ஊற்றி ஒற்றி எடுக்க வேண்டும் என்று நர்ஸம்மா காட்டினார். பிறகு குழாயடியில் நின்று, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினேன். விரதம் என்ன ஆயிற்று என்று நினைக்கவே தோன்றவில்லை.

ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் கலந்த தூள், காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைப்பது) கொடுக்கச் சொன்னார்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். தம்ளரில் கொஞ்சம் போட்டுக் கெட்டியாகக் கொடுக்கக்கூடாது. வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்து, மறுபடி ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. நான் ஊட்டினேன். பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே போனது.

களைத்துப்போய் என் மடியில் சாய்ந்தவள் கண்ணை மூடியபடியே கையை நீட்டி என் துளசி மாலையைப் பிடித்துக்கொண்டாள். விரலில் வாந்தி ஒட்டியிருந்தது. மாலையை எடுக்க என் கை போகவில்லை. அது, கேனுலா போட்டிருந்த அவளுடைய இன்னொரு கையை மடங்கிவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ. ஜன்னல் வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்பது தவிர மனதில் ஒன்றுமில்லை. ஐயப்பா என்றுகூட வாயில் வரவில்லை.

புண்ணில் உரசுகிறது என்று டயபரைக் கழற்றிவிட்டு வெறும் துணி மட்டும் சுற்றியிருந்தோம். அது வழியாகத்தான் முதலில் சூடு தெரிந்தது. பிறகு ஈரம். கறுப்பு வேட்டியில் நிறம் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தேன். மூத்திரம்தான்.

"சிஸ்டர்!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸம்மா ஓடி வந்து துணியைத் தொட்டுப் பார்த்து, "நல்லா போயிருக்கா சாமி. போய் வேட்டிய மாத்திக்கினு வாங்க" என்றார். இருக்கட்டும்மா என்றேன். குழந்தை தூங்குகிறாளே.

தர்ஷினி இப்போது சாப்பிடுகிறாள். செல்வியும் தேறிவிட்டாள், ஆட்டோவில் நடந்ததைப் பற்றி இதுவரை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மலைக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. கடையில் புடவை விரிக்கும்போது சில சமயம் என் கையைப் பார்க்கிறேன், வேறு யாருடையதோ போல இருக்கிறது. வீட்டுக்குப் போன் போட்டால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பாப்பா எப்ப ஒண்ணுக்குப் போனா?"