பதிமூன்றில் நின்ற முள்

மாசாணம் அடுத்தவர் மேல் பழி போட்டு யாரும் பார்த்ததில்லை, அந்த ஒரு முறையைத் தவிர.

பல்லடம் பக்கத்தில் பண்ணை வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் சிங்காநல்லூர் மில் ஒன்றின் லாரி ஷெட்டில் சேர்ந்தார். மில் மூடிய பிறகு அதே ஊரில் சொந்தமாகப் பட்டறை போட்டார். பழைய கார் வைத்திருப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் ஆர்.எஸ்.புரம் ரங்கநாயகி. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டுகிறவர். அவருடையது 1948-ஆம் வருடத்து வண்டி. எட்டு சிலிண்டர் பிளாட்ஹெட் எஞ்சின். வால்வுகள் மேலே ஹெட்டில் இல்லாமல் பிளாக்குக்குள்ளேயே இருக்கும். மாசாணம் அதை முழுக்கப் பிரித்து ஏழு மாதம் உட்கார்ந்து கட்டினார்.

எஞ்சின் உடனே கிளம்பியது. ஆனால் நின்ற இடத்தில் தள்ளாடியது. வேக்குவம் கேஜை மாட்டிப் பார்த்தார். எஞ்சின் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று காட்டும் மீட்டர் அது. முள் பத்தொன்பதைத் தொட வேண்டும். பதிமூன்றில் அசையாமல் நின்றது. வால்வு கெட்டிருந்தால் முள் துடிக்கும். தீப்பொறி விழும் நேரமான டைமிங்கும் சரியாக இருந்தது. எங்கோ காற்று உள்ளே நுழைகிறது. எஞ்சினின் உறிஞ்சலில் ஓடும் வைப்பருக்குப் போகும் குழாயை அடைத்தார். காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டைச் சுற்றி எண்ணெய் விட்டுப் பார்த்தார். எண்ணெய் கசிவை அடைத்தால் முள் ஏறும். ஆனால் நகரவில்லை.

மிச்சம் இருந்தது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர். அதைச் சரிசெய்து தந்தவர் பக்கத்துத் தெரு பாலகோபால், இருபது வருடச் சிநேகிதர். மாசாணம் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போய், வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்கும்போது சொன்னார்.

"ஏனுங்க, ஷாஃப்ட் லூசா இருக்குதுங்க. பாக்காம மாட்டிப்போட்டீங்க."

பாலகோபால் அதை வாங்கிப் பிரித்தார். ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். முள் பதிமூன்றிலேயே நின்றது. அதன் பிறகு பாலகோபால் தினமும் பட்டறைக்கு டீக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, எண்ணெய் அளவைப் பார்க்கும்போது மாசாணத்துக்கு ஒன்று உறைத்தது. ஓடாத வண்டிக்கு எண்ணெய் குறைந்திருந்தது. எஞ்சினைக் கிளப்பி, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். ஆவி கையை வெளியே தள்ள வேண்டும். கையை உள்ளே இழுத்தது.

அப்படியென்றால் கசிவு வெளியே இல்லை. மேனிஃபோல்டின் அடிப்பக்கத்தில், எஞ்சினின் வயிற்றுக்குள் இருந்தது. மேலே எவ்வளவு எண்ணெய் விட்டாலும் தெரியாது.

மேனிஃபோல்டைக் கழற்றினார். இடைவெளியை அடைக்க நடுவில் வைக்கும் கேஸ்கட்டில் ஒரு விரல் நீளத்துக்கு அழுத்தமே விழவில்லை. எஞ்சினைக் கட்டும்போது மேனிஃபோல்டில் இருந்த விரிசலுக்கு வெல்டிங் வைத்த இடத்துக்கு நேர் கீழே, பிளாக்கில் உட்காரும் முகம் வளைந்திருந்தது. வெல்டிங் வைத்தவர் அவர்தான். வைத்த பிறகு மட்டம் பார்க்க மறந்தவரும் அவர்தான்.

ரங்கநாயகிக்குப் போன் செய்தார். "அம்மா, தப்பு என்னோடதுங்க. கிரைண்டிங் குடுத்து மட்டமாக்கணும். இன்னும் நாலு நாள் ஆகுங்க."

"ஆகட்டுங்க. காரணம் தெரிஞ்சுதுல்ல, அது போதும்."

இன்னொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. மேனிஃபோல்டு கிரைண்டிங் முடிந்து வந்ததும் புது கேஸ்கட் வைத்து மாட்டினார். மறுநாள் காலை, கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனார்.

"ஏனுங்க பாலகோபால், உங்க கார்புரேட்டர்ல ஒரு குத்தமும் இல்லீங்க. நான் வெல்டிங் வெச்சதுதான் வளைஞ்சுபோச்சு. எல்லாருக்கும் முன்னால உங்களைச் சொல்லிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாலகோபால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப முள்ளு எங்க நிக்குதுங்க?"

"பதினேழு."

"கசிவு நின்னுட்டா பெட்ரோல் கலவையை மறுபடி வெக்கோணுமில்ல. அது உங்களுக்குச் சரியா வராதுங்க. இருங்க, வாரேன்."

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். பட்டறையில் மாசாணம் கேஜைப் பார்க்க, பாலகோபால் கார்புரேட்டரின் திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருகினார். முள் மெல்ல ஏறிப் பத்தொன்பதில் நின்றபோது, மாசாணம் டீ சொல்லப் போனார்.