பாய் ரேடியோ அஸ்ரப் நிஷா

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அப்போது எட்டு கூம்பு ஸ்பீக்கர்கள் இருந்தன. விடிந்ததும் பாட்டு. பாட்டுக்கு நடுவே ஜவுளிக்கடை, பல்பொடி, பாத்திரக்கடை விளம்பரம். ஊர் வைத்த பெயர் ‘பாய் ரேடியோ’. பேசியதென்னவோ ஒரு பெண்தான். அந்தக் குரலுக்குக் கீழே இருபது வருஷம் பேப்பர் கடை நடத்தியவன் நான். அந்த அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை எழுதாமல் போனால் என் மனசு ஆறாது.

அதை ஆரம்பித்தவர் அஸ்ரப் நிஷாவின் கணவர் கரீம், ரேடியோ ரிப்பேர்க்காரர். பேரூராட்சி ஏலத்தில் விளம்பர உரிமம் எடுத்து நடத்தினார். மாரடைப்பில் அவர் போனதும் அவருடைய தம்பி அன்சர் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். மைக்கும் பஸ் ஸ்டாண்டு மாடி அறையும் மட்டும் நிஷாவுக்கு. ‘பொம்பளை குரல் ஊருக்கே கேட்கலாமா’ என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

“மொகமா தெரியுது? கொரலுதானே! கேக்க புடிக்கலன்னா பஞ்சு வச்சிக்கோங்க” என்றார் நிஷா. அவ்வளவுதான், சொந்தக்காரர்கள் வாய் மூடிக்கொண்டது.

அன்சருக்குப் பழமண்டி. ரேடியோவின் பாதி விளம்பரம் மண்டிக்காரர்களுடையது. மண்டியில் விலை வாயால் பேசமாட்டார்கள். துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. பெண்ணோடு துண்டு போடுகிற வழக்கமே இல்லை. கல்வராயன் மலையிலிருந்து கூடை சுமந்து வரும் பெண்கள் ஓரமாக நிற்க வேண்டும். ஆண்கள் எல்லாம் முடித்த பிறகு, ‘இந்தா, இவ்வளவுதான்’ என்று ஒரு விலையைச் சொல்லி அனுப்புவார்கள். எனக்கே அது அநியாயமாகத் தோன்றியது. வாயைத் திறக்கத்தான் துணிச்சல் வரவில்லை.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல். வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். சின்னசேலம் பஸ்ஸும் இல்லை, சங்கராபுரம் பஸ்ஸும் இல்லை. நூற்றுக்கணக்கான பயணிகள் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு மலைக்காரி சாலம்மாளும் நாலு கூடை சீத்தாப்பழத்தோடு மாட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் பழம் கனிந்து வெடிக்க ஆரம்பித்தது. லாரி ஓடவில்லை என்ற சாக்கில் மண்டி பாதி விலைதான் கேட்டது.

சாலம்மாள் மாடிப்படி ஏறினார். “எங்கூட துண்டு போட மாட்டேங்கிறாங்கம்மா. யாருக்காச்சும் பழம் வேணுமான்னு நீ மைக்ல கேளு.”

“நான் இன்னாத்துக்கு? பழம் உன்னுது, நீயே கேளு” என்று மைக்கை அவர் கையில் கொடுத்தார் நிஷா.

முதலில் ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம்தான் வந்தது. பிறகு, “நான் வெள்ளிமல சாலம்மா. சீத்தாப்பழம் நாலு கூடை. மண்டியில கூடைக்கு ஆறு ரூவா கேக்கறாங்க. நான் பன்னெண்டு சொல்றேன்.”

துண்டுக்குள் இருந்த விலையை ஊரே கேட்டுவிட்டது! பசியோடு இருந்த பயணிகள் ஒரு மணி நேரத்தில் கூடைகளைக் காலி செய்தார்கள். அடுத்த நாள் மாடிப்படியில், அவரைப் போலவே ஊரில் மாட்டிக்கொண்ட ஏழெட்டு மலைப்பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அன்சர் பாய்ந்து வந்தார். “இன்னா அண்ணி இது? நம்ம பொழப்புல நம்மளே மண்ணு அள்ளிப் போடறதா? லைசென்சு எம் பேர்ல இருக்குது. நிறுத்துங்க!”

“நிறுத்த மாட்டேன் தம்பி.”

அன்சர் பேரூராட்சியில் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரேடியோ ஊமையானது. மறியல் முடிந்து பஸ் ஓடியது, ஆனால் பஸ் ஸ்டாண்டு செத்த வீடு மாதிரி இருந்தது. அடுத்த மாதம் மறு ஏலம் அறிவித்தார்கள். கேட்பவர் சொத்து ஜாமீன் காட்ட வேண்டும். நிஷாவிடம் இருந்தது ஒரே ஒரு வீடு, கல்யாணத்தில் மணக்கொடையாக, மஹராகக் கரீம் எழுதிக் கொடுத்தது. ஏலப் பணத்தின் கிஸ்தி தவறினால் அதுவும் போகும். நடுத்தெருவில் நிற்கப் போகிறாய் என்று சொந்தபந்தம் பயமுறுத்தியது. அந்த வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் ஏலத்துக்குத் தனியாகப் போனார்.

“ஆம்பளைங்க யாரும் வரலிங்களா?” என்று கேட்டார் கிளார்க்.

“ஏங்க, மைக்க புடிக்க மீச வேணுமா?”

ஏலம் அவருக்கே விழுந்தது. மண்டி விளம்பரம் ஒன்றுகூட வரவில்லை. பல்பொடியையும் பாத்திரக்கடையையும் வைத்து இரண்டு வருஷம் வயிற்றைக் கட்டி ஓட்டினார். சந்தை நாளில் மலைப்பெண்கள் பேசும் நேரத்துக்கு மட்டும் காசு வாங்கவே இல்லை. பைத்தியக்காரத்தனம் என்று நானே அவரிடம் சொன்னேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மைக்கில் கேட்ட விலைக்குக் கீழே மலைக்காரிகள் இறங்கவில்லை. மண்டிக்குப் பழம் வரத்து குறைந்தது. மூன்றாம் வருஷம் ஒரு புதன்கிழமை சந்தையன்று அன்சர் மாடிப்படி ஏறினார். நான் பேப்பர் போட அங்கே இருந்தேன்.

“அண்ணி, நம்ம மண்டி வெலையையும் ஒரு தடவ சொல்லிடுங்களேன்.”

நிஷா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சாலம்மா பேசிக்கினு இருக்காங்க. அவங்களுக்குப் பின்னால ஆறு பேரு இருக்காங்க. வரிசையில உக்காருங்க தம்பி.”

அன்சர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படியில் விரித்து உட்கார்ந்தார்.