எலக்ட்ரீஷியன் கனகராஜ் அண்ணனும் என் வாய்ஸ் நோட்டும்

கனகராஜ் அண்ணன் போய்விட்டார். காலையில் தோப்பு, தோட்டம் வைத்திருக்கும் எங்கள் தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன்... நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டதாம்.

உடுமலைப் பக்கம் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தவர். பைக், டிராக்டர், பவர் டில்லர்... அப்புறம் என் ஏடிவி.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவளுக்கு ஏடிவி எதற்கு என்று கேட்காத ஆள் என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இல்லை. உடுமலைத் தோப்பில் தேங்காய் இழுக்க, ஒரு ரிசார்ட்காரரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெரிய டயர் போட்ட நாலு சக்கர பைக், அவ்வளவுதான்.

அந்த மனிதர் ஆசைக்கு எக்ஸ்ட்ரா லைட், ஹாரன், ஸ்பீக்கர் என்று மாட்டித் தள்ளியிருந்தார். ஹாரனை அமுக்கினால் ஹெட்லைட் அணையும். ரைட் இன்டிகேட்டர் போட்டால் ஸ்பீக்கர் கரகரக்கும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கனகராஜ் அண்ணன் வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தார். "பயப்படாதீங்க அம்முணி, இவரும் பன்னெண்டு வோல்ட்டுதானுங்க" என்றார்.

ஆமாம், வண்டியை "இவரு" என்றுதான் சொல்வார். "இவருக்கு எர்த் பத்தலீங்க." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம் கேட்டார்... "உங்க கம்பெனில மிஞ்சுன நூலு கெடக்குமுங்களா? கலர் கலரா வேணுமுங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே இருந்த ஒயர் எல்லாமே கறுப்பு. ஒவ்வொன்றாக டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, லைட்டுக்குச் சிவப்பு, ஹாரனுக்குப் பச்சை, ஸ்பீக்கருக்கு மஞ்சள் என்று நூல் கட்டினார். ஒன்றைக்கூட விடவில்லை. நான் வாங்கி வைத்திருந்த புது பேட்டரியையும் மாட்டிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் வண்டி நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் தோப்புக்குப் போய் சாவி போட்டால்... பேட்டரி செத்துக் கிடக்கும்.

அன்றைக்கு ஒரு ஷிப்மென்ட் லேட். சரக்கு வாங்குகிற பையர் என்னிடம் கத்தியிருந்தார், நான் கத்துவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. தோட்டக்காரர்கள் குரூப்பில் வாய்ஸ் நோட் போட்டேன். "எலக்ட்ரீஷியன் கனகராஜ்னு ஒருத்தருங்க, என் புது பேட்டரிய எடுத்துட்டுப் பழச மாட்டி உட்டுட்டாருங்க. யாரும் அவரக் கூப்புட்றாதீங்க."

ஆதாரம் ஒன்றும் கிடையாது. கோபம் மட்டும்தான்.

அவர் அந்தக் குரூப்பில் இல்லை. வேறு ஆள் கிடைக்காமல் நானே மறுபடி அவரைத்தான் கூப்பிட்டேன். என் தைரியத்தைப் பாருங்கள்.

வந்தார். சீட்டைக் கழற்றினார். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர், மொபைல் சார்ஜ் போடுகிற சாக்கெட்டுக்கு. சாவியை எடுத்த பிறகும் அந்தச் சாக்கெட்டில் ஒரு நீல லைட் எரிந்துகொண்டே இருக்கும். வாரம் முழுக்க அது பேட்டரியைக் குடித்திருக்கிறது. ஜாயிண்டில் டேப்புக்குப் பதிலாக நேவி ப்ளூ ரிப் துணி... பனியன் கழுத்துக்கு வைப்போமே, அதுதான். கிழித்துச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

மாட்டியது நான். யூடியூப் பார்த்து. டேப் இல்லை, காரில் கட்டிங் வேஸ்ட் கிடந்தது. திருப்பூரில் ஒழுகினாலும் ஆடினாலும் பிய்ந்தாலும் எங்களுக்குப் பனியன் வேஸ்ட்தான் மருந்து. மாட்டியதையே சுத்தமாக மறந்திருந்தேன், துணியைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது.

அண்ணன் முடிச்சைப் பிரித்தார். அந்த ஒயரில் நூல் இல்லை. தன் வேலை முடிந்த பிறகு வந்த ஒயர் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பனியன் துணி யார் கையில் இருக்கும் என்றும் தெரியும். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"பழைய ஓனரு அவசரத்துல டைரக்டா குடுத்துட்டாராட்ட இருக்குதுங்க. சாவி லைன்ல மாத்தி உட்டர்றனுங்க."

"ஆமாங்ணா... அப்படித்தான் இருக்கும்ங்க" என்றேன் நான்.

இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலையே குரூப்பில் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது, என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன்... யோசித்தே விட்டுவிட்டேன். வாய்ஸ் நோட்டை அழிக்க வாட்ஸ்அப் கொடுக்கிற நேரமும் தாண்டியிருந்தது.

போன மாதம் உடுமலையில் ஒரு பேக்கரியில் அவரைப் பார்த்தேன். வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"தோட்டத்துக்காரங்க ஒருத்தரும் கூப்புடறதில்லீங்க அம்முணி. என்னன்னே தெரியலீங்க."

நிஜமாகவே தெரியாமல் சொன்னாரா, எனக்காக அப்படிச் சொன்னாரா... இனி யாரிடம் கேட்பது? எனக்கும் ஒரு டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

இன்று காலை அவர் போட்டோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார், "யாருங்க இவரு?"

அடுத்தவர் பதில் போட்டிருந்தார். "பேட்டரி மாத்துன ஆளுங்க."

அதற்குக் கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல்...

உடனே டைப் செய்தேன். அவர் எதையும் மாற்றவில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று. மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். அதற்குள் யாரோ பழைய சொட்டுநீர் பைப் விற்பனைக்கு என்று படம் போட, எல்லாரும் எத்தனை அடி என்று கேட்கப் போய்விட்டார்கள்.

அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன். எத்தனை பேர் படிப்பீர்கள் என்று தெரியாது. படிக்க வேண்டியவர் இல்லை.

கனகராஜ் அண்ணா... அந்த ஒயர் நான் குடுத்ததுங்க.

போயிட்டு வாங்க.