ஜெயத்தின் நம்பர்

ஜெயம் பாம்பு பிடிக்கும் இருளர் வீட்டுப் பெண். பதினேழு வயதில் பெரிய மார்க்கெட்டைக் கூட்ட வந்தவள், நாற்பதில் அங்குள்ள துப்புரவுத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவியானாள். ஒரு தடவை சட்டமன்றத் தேர்தலிலும் நின்று தோற்றாள். வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போய் வேலை செய்தவர் சங்கத்து மைக்கைத் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

இந்த முறை வேலைநிறுத்தம் தொடங்கி மூன்று நாளாகியும் துப்புரவு ஒப்பந்தக்காரர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடவில்லை. தலைவியின் நம்பர் தன்னிடம் இல்லை என்று அவருடைய மேனேஜர் சாதித்தார். நான்காம் நாள் காலை ஜெயத்தின் போன் அடித்தது.

"ஆபீஸ் ரூம்ல பாம்பு பூந்துடுச்சி. சீக்கிரம் வா," என்றார் அதே மேனேஜர்.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் நாலு பேர் கட்டையோடு ஓடுவது போராட்டப் பந்தலிலிருந்தே தெரிந்தது. பாம்பை அடித்துக் கொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்க அவள் அப்பன் அவளை வளர்க்கவில்லை. போனாள். பீரோவுக்கு அடியில் கிடந்த நல்லபாம்பைப் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டினாள். மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார். பேச்சுவார்த்தை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாக்கோடு பந்தலுக்குத் திரும்பியவளை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் செயலாளர் சுலோசனா மைக்கை நீட்டினாள்.

"வேணாம். உள்ள போயி வேல செஞ்சிட்டு வந்துருக்கேன். நீ பேசு."

"நான் என்னாத்தக்கா பேசறது?"

ஜெயம் சாக்கைக் காலடியில் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

"அவங்ககிட்ட என் நம்பர் இருக்குதுன்னு சொல்லு."