காப்புக் கட்டிய ஊர்

பம்பாயில் இருந்த பதினோரு வருடமும் நான் என் மாநிலத்துக்குச் சம்பளமில்லாத வக்கீலாக இருந்தேன். ரயில்வே பட்டறை ஒன்றில் சாமான் கிடங்கு குமாஸ்தா வேலை. தெற்கே பிறந்த எவனும் அங்கே மதராஸிதான். மதராஸ் என்றால் வெயில், பஞ்சம், முழங்கை வழியும் ரசம். இவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் யாராவது வாயைத் திறந்தால் போதும், நான் டப்பாவை மூடிவிட்டு எங்கள் மலையைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன். மே மாதத்தில் கம்பளி போர்த்துகிற ஊர் உங்களிடம் உண்டா? ஒரு பல் போட்டால் வீடே மணக்கிற பூண்டு உண்டா? பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் தோட்டத்து வாழைப்பழம்தான் போகிறது என்பேன். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு தார்கூடப் பழனிக்குப் போனதில்லை என்பதை அங்கே யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

இந்தப் பேச்சையெல்லாம் நம்பித்தான் தன் தங்கையை எனக்குக் கட்டிக் கொடுத்ததாக என் மைத்துனர் பின்னால் சொன்னார். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். ஆனால் அண்ணனும் தங்கையும் பிறந்தது தாராவியில். என் மனைவி அதுவரை மலை என்று எதையும் பார்த்தவள் இல்லை.

மராட்டியமும் குஜராத்தும் தனித்தனி மாநிலமான வருடம் என் அப்பா இறந்துபோனார். கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையிலிருந்து சரிவில் கால் மணி நேரம் இறங்கினால் வருகிற எங்கள் ஊரில் ஒரு வீடும் சின்னத் தோட்டமும் பார்க்க ஆளில்லாமல் கிடந்தன. அவரவர் தங்கள் மாநிலம் என்று பிரிந்துகொண்ட பிறகு எனக்கு அங்கே என்ன சோலி என்று தோன்றிவிட்டது. வேலையை விட்டேன். மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. "ஒரு வருசம் பாப்போம்" என்றாள். "நமக்கு ஒத்து வரலைன்னா திரும்பிடணும். சத்தியம் பண்ணுங்க." எங்கள் மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. பார்த்ததையெல்லாம் பாட்டாகப் பாடிக்கொண்டு திரிகிற பிள்ளை.

வந்து பத்து நாளில் மனைவி குறை சொல்ல ஆரம்பித்தாள். அவள் குறை சொல்வதில் ஒரு ஒழுங்கு இருக்கும். காலையில் எழுந்ததும் விறகு. ஈர விறகு எரியாமல் புகைகிறது. பிறகு துணி, நாலு நாளாகக் காயவில்லை. மத்தியானம் அட்டை, பிள்ளையின் காலில் மூன்று எடுத்தேன். சாயந்திரம் மூடுபனி, எதிர்வீடு தெரியவில்லை, இது ஊரா இல்லை ஈரத்துணி வைத்து அழித்த சிலேட்டா? எனக்கு உள்ளூர ஆனந்தம். எதிர்வாதம் பேச ஆள் கிடைத்துவிட்டதே! புகை வாழைத்தாருக்கு நல்லது, அட்டை கெட்ட ரத்தத்தைத்தான் குடிக்கும், மூடுபனி முகத்துக்குப் பளபளப்பு என்று அடுக்கினேன். வாழையில் முடிக்கொத்து நோய் விழுந்து, குருத்தெல்லாம் துடைப்பம்போல் சிறுத்து நின்ற மரங்களை வெட்டிப் புதைத்த அன்றும் "அடுத்த போகம் பார்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க ஊருக்கு வாயிருந்தாக்கூட இவ்வளவு பேசாது" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் மைத்துனர் தங்கையைப் பார்க்க வந்தார். பஸ்ஸில் மலையேறும்போதே வாந்தி எடுத்து வெளுத்துப்போய் இறங்கினார். மூன்று நாள் இருந்தார். கிளம்புகிற அன்று பெருமாள்மலை டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்டார்.

"மாப்ள, ஊரு அழகாத்தான் இருக்கு. பிள்ளைக்கு ஒரு அவசரம்னா என்ன செய்வீங்க? டாக்டருக்கு கொடைக்கானல் போகணும். அதுக்கு மேலன்னா மதுரை. யாரு இருக்கா உங்களுக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மச்சான், பம்பாயில பக்கத்து ரூம்காரன் செத்தா நாத்தம் வந்தாத்தான் தெரியும். இங்க ஒரு குரல் கொடுத்தா ஊரே ஓடி வரும். இது என் ஊரு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த பாய், "அண்ணன் சொல்றது வாஸ்தவந்தாங்க" என்று எனக்குச் சாட்சி சொன்னார். மைத்துனர் பஸ் ஏறிப் போனார். அந்தப் பதிலை நினைத்து நான் பல நாள் பெருமைப்பட்டேன்.

வைகாசியில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. எட்டு நாள். முதல் நாள் பூசாரி கோயில் கம்பத்துக்கும், நேர்ந்துகொண்டவர்களின் கைக்கும் மஞ்சள் கயிற்றில் வேப்பிலை வைத்துக் காப்புக் கட்டுவார். கட்டிவிட்டால் எட்டாம் நாள் அவிழ்க்கும்வரை கட்டிக்கொண்டவர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். சின்ன வயதில் அப்பா கையில் காப்பைப் பார்த்திருக்கிறேன். என் கையில் கட்டியதில்லை. அந்த வருடம் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். "பம்பாய்க்காரரு மொத ஆளா நிக்கிறாரு" என்று யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தப் பெயர்தான் என்னைக் குத்தியது. மனைவி வாசலில் நின்று என் மணிக்கட்டைப் பார்த்தாள். எட்டு நாள் இந்த ஊரைவிட்டு நகர முடியாதா என்று கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஊரோடு ஒன்றாக இருப்பதென்றால் இதுதான் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

நாலாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. காது வலிக்கிறது என்றாள். மலைப்பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சி வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விட்டேன். பம்பாயில் அந்தப் பூண்டைப் பற்றி எத்தனை பேரிடம் அளந்திருப்பேன்! ஐந்தாம் நாள் காலையில் அவளால் தலையைக் குனிய முடியவில்லை. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். வெள்ளனே கிளம்பிக் கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் அவள் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார். ஊசி போட்டார். "இங்க வச்சுப் பாக்கிற கேஸ் இல்லைங்க இது. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல மதுரைக்குக் கொண்டு போயிடுங்க. பெரிய ஆஸ்பத்திரியில சேத்துத்தான் பாக்கணும். தள்ளிப் போடாதீங்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

சேர்ப்பதென்றால் அங்கே தங்க வேண்டும். திரும்பி வருகிற பஸ்ஸில் என் கண் அடிக்கடி மணிக்கட்டுக்குப் போயிற்று. ஊசியின் வேகத்தில் சாயந்திரம் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை ரெண்டு வாய் கஞ்சி குடித்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஆத்தா இறக்கிட்டா பாத்தியா. மூணு நாள்தானே. காப்பு அவுத்த மறுநிமிசம் கிளம்பிடுவோம்."

மனைவி என்னையே பார்த்தாள். "டாக்டர் நாளைக்குன்னு சொன்னாரு."

"வந்த முதல் வருசமே காப்ப மீறினான்னு ஊரு சொல்லணுமா?"

"நான் காப்புக் கட்டலியே. நான் தூக்கிட்டுப் போறேன். நீங்க இருங்க."

"வீட்டுல ஒரு கை கட்டினா வீட்டுக்கே கட்டு." இதை யார் எனக்குச் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானே அந்த நேரத்தில் உண்டாக்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். "அந்தப் பூசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

நான் கேட்கவில்லை. பூசாரி வீடு எங்கள் வீட்டிலிருந்து ஏழெட்டு வீடு தள்ளி. கேட்டால், எனக்கு ஊர் வழக்கம் தெரியாது என்று ஆகிவிடும். இதைக்கூடத் தெரியாத பம்பாய்க்காரன் என்று சிரிப்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அம்மனுக்குப் பயந்து நான் மகளை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் வைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் மறுபடியும் அனலாகக் கொதித்தது. மனைவி ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழாம் நாள் பிள்ளை கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், மூடினாள். எட்டாம் நாள் காலையில் கண்ணையும் திறக்கவில்லை. கோயிலில் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. காப்பு அவிழ்க்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் சரிவில் ஏற ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓடினேன். காப்பு என் கையிலேயேதான் இருந்தது. வத்தலக்குண்டு தாண்டும்போது வேப்பிலை சருகாகி என் மடியில் உதிர்ந்தது.

மதுரையில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். இருபத்தாறு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்தாள். கண் விழித்த அன்று மனைவி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தம்ளரைத் தரையில் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். இரண்டு காதும் போய்விட்டன, திரும்ப வராது என்று டாக்டர் சொன்னார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் காது போகாமல் இருந்திருக்குமா என்று மனைவி கேட்டாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாதும்மா" என்றார். நல்ல மனிதர்.

ஊர் திரும்பியபோது, மைத்துனரிடம் நான் சொன்னபடியே ஊரே ஓடி வந்தது. பூசாரி வந்து பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு என்னைக் கைப்பிடித்து வெளியே அழைத்துப் போனார்.

"ஏய்யா, ஒடம்பு சரியில்லாம வீட்டுக்குள்ள கெடக்குன்னுதான் நெனச்சோம். மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னதை எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா? காப்ப அவுத்து மஞ்சத் துணியில முடிஞ்சு ஆத்தா காலடியில வச்சிட்டா வெரசா கெளம்பிப் போக வேண்டியதுதானே! போன வருசம் என் மக பேறுகாலத்துக்கு நானே வத்தலக்குண்டுல ரெண்டு நா கெடந்தேன். பூசாரி நான்! ஆத்தா என்ன, பச்சப்பிள்ளையப் போட்டு வதைக்கச் சொன்னாளா? ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச வெசயந்தானய்யா இது."

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஊரில் அந்த விதியை அப்படியே நம்பியவன் நான் ஒருவன்தான். அங்கேயே இருந்தவர்கள் விதியோடு அதன் விலக்கையும் சேர்த்தே பழகியிருந்தார்கள். நான் பதினோரு வருடம் தூரத்தில் இருந்துகொண்டு விதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போய் அதை மனைவியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

அன்றிலிருந்து அவள் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். விறகு புகைந்தால் ஊதினாள். துணி காயவில்லை என்றால் ஈரத்தோடு உடுத்தினாள். ஆடியில் ஓடு விலகிச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் ஒழுகியது. பானையை நகர்த்தி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டமாட்டாளா, இதெல்லாம் ஒரு ஊரா என்று கேட்கமாட்டாளா என்று நான் ஏங்கினேன். இங்கே வாழ முடியும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்ததால்தான் அவள் அத்தனை குறையும் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் கேட்ட ஒரு வருடம் முடிந்தது. மைத்துனர் கடிதம் எழுதினார். ஒரு வார்த்தை கடிந்து எழுதவில்லை, வந்துவிடுங்கள், இடம் இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தார். நான் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டி, "சத்தியம் பண்ணியிருக்கேன். கிளம்பிடுவோம்" என்றேன்.

"இங்கயே இருக்கலாம்" என்றாள் அரிசி புடைத்தபடி. "எங்க இருந்தா என்ன?"

அவளை இங்கே இருக்கச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு வருடம் முழுக்க வாதாடினேன். சம்மதித்துவிட்டாள். அப்படிப்பட்ட ஒரு ஜெயம் எதிரிக்கும் வேண்டாம்.

நாலைந்து வருடம் கழித்து, சீசன் சமயம். மகளோடு பெருமாள்மலை டீக்கடையில் நின்றிருந்தேன். பத்து வயதைத் தாண்டியிருந்தாள். மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பதில் சொல்லும்போது குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வரும். பாட்டு எப்போதோ நின்றுவிட்டது. காரில் வந்த மெட்ராஸ்காரர் ஒருவர், மழையும் மூடுபனியும் அவர் விடுமுறையைக் கெடுத்த எரிச்சலில் கடையில் நின்று திட்டிக்கொண்டிருந்தார். "என்னய்யா ஊர் இது? ரோடு இல்ல, ஒரு நல்ல ஆஸ்பத்திரி இல்ல. மனுஷன் இருப்பானா இங்க?"

பாய் என் பக்கம் திரும்பினார். பழைய ஞாபகம். "அண்ணே, நீங்க சொல்லுங்க நம்ம ஊரப் பத்தி" என்றார் உற்சாகமாக. நான் டீயைக் குடித்தேன். மெட்ராஸ்காரர் காரில் ஏறிப் போய்விட்டார்.

மகள் என் சட்டையை இழுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியதால் அவளுக்குப் பிடிபடவில்லை. "என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னேன். "நம்ம ஊரு ரொம்ப நல்ல ஊருன்னு சொன்னாரு."

அவள் சிரித்தாள். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு முன்னால் சரிவில் இறங்கி ஓடினாள்.